உங்கள் கணக்கு நீக்கப்படும்

இதனால் சகலருக்கும், குறிப்பாக என் மகனாகிய உனக்கும், மிகுந்த மனக்கனத்துடன் அறிவிப்பது என்னவென்றால்: நேற்றுக் காலை பதுளை பஸ் நிலையத்தில், வெள்ளைச் சீருடை போட்ட ஒரு சின்னப் பயல் உன் அப்பாவைப் பார்த்து, "அங்கிள், பசறை பஸ் போயிருச்சா?" என்று கேட்டுவிட்டான். பஸ் போகவில்லை. போனது என் இளமை. எனக்கு வயது பத்தொன்பது. நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அம்மா யாரென்று எனக்கே தெரியாது. அவருக்கும் இன்னும் தகவல் போகவில்லை. ஆனாலும் நடு பஸ் நிலையத்தில் அங்கிள் என்று அழைக்கப்பட்ட மனிதன் அதற்குப் பிறகும் விளையாட்டுப் பிள்ளையாகத் திரிய முடியாது. வயசானால் மகனுக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுத வேண்டும் என்பது உலக வழக்கம். நீ வரும்வரை காத்திருந்தால் இருக்கிற கொஞ்சப் புத்தியும் மறந்துவிடும். ஆகவே இப்போதே எழுதி வைக்கிறேன். மீசை முளைத்து, முதல் வேலைக்குக் கிளம்பும் நாளில் படி. மீசை முளைக்காவிட்டாலும் படி. அது நம் குடும்பத்தில் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

உன் அப்பா பார்க்கும் வேலைக்குப் பெயர் டெஸ்டர். மற்றவர்கள் செய்து முடித்த மென்பொருளை வாங்கி, அது எங்கே உடையும் என்று தேடிப் பிடித்து உடைத்துக் காட்ட வேண்டும். பிழை தேடிப் பிழைக்கிற பிழைப்பு. என் அம்மா சின்ன வயதிலிருந்தே என்னைக் கைகாட்டி, "எனக்கு வந்த சோதனை" என்று எங்கள் வரிசைவீட்டு லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார். கடைசியில் அதுவே பதவிப் பெயராகிவிட்டது: சோதனையாளர். இதற்கு என்னைத் தயார் செய்தது பள்ளிக்கூடம் இல்லை, சேட்டைதான். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். ஒரு தடவை தோட்டத்து மேலாளரான துரை அதட்டுவது போல நானே பேசி, அதை அவருடைய போனில் ரிங்டோனாக வைத்துவிட்டேன். "ஏய், அங்க என்ன கூட்டம்?" என்று போன் கத்தியது. சோறு தின்றுகொண்டிருந்தவர் தட்டோடு எழுந்து நின்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அகப்பை பறந்து வந்தது. ஒரு பொருளை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அதை விட்டுவிட்டு வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று யோசிப்பவனுக்குத் தோட்டத்தில் வால் முளைத்தவன் என்று பெயர். பதுளை டவுனில், ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் ஒரு சின்னக் கம்பனியில், அதே ஆளுக்குப் பயிலுநர் டெஸ்டர் என்று பெயர்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் அங்கே நேர்முகத்துக்குப் போனேன். டெஸ்டர்களுக்குப் பொறுப்பானவர் தர்ஷினி அக்கா. டவுனில் புடவைக்கடை வைத்திருக்கிற குடும்பம். துணியில் இழை விட்டுப் போனதைக் கண்டுபிடிக்கிற கண். கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஒரு செயலியைத் திறந்து வைத்த போனைக் கையில் கொடுத்து, "பாருங்க தம்பி" என்றார். வயது கேட்ட கட்டத்தில், "போன வருசம் பதினெட்டு" என்று தட்டினேன். செயலி ஒரு கணம் யோசித்துவிட்டுத் தானாகவே செத்துப்போனது. தர்ஷினி அக்கா உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இத எழுதுனவரு உள்ளதான் இருக்காரு. சத்தமா சிரிக்காதீங்க, அழுதுருவாரு. நாளைக்கே வேலைக்கு வாங்க."

அந்தச் செயலி எதற்கென்று தெரிந்தபோதுதான் எனக்குச் சிரிப்பு அடங்கியது. நம் தோட்டம் நமுனுகுல மலைப்பக்கம். கீழ் லயங்களுக்குப் பின்னால் ஒரு செங்குத்தான சரிவு இருக்கிறது. போன மழைக்கு அதன் உச்சியில் ஒரு வெடிப்பு விழுந்தது. கால் நுழைகிற அகலம். வேறு இடத்தில் வீடு தருவோம் என்கிறார்கள். தரட்டும். வீடு வரும்வரை மழை வராமல் இருக்குமா? மலையில் வைத்திருக்கும் மழைமானியில் தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால், பதிவு செய்த எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அலறி, வெளியே போகச் சொல்ல வேண்டும். செயலியின் வேலை அவ்வளவுதான். முதல் முயற்சிக்கு எடுத்துக்கொண்டது நம் தோட்டத்தை. அது அலறாவிட்டால் மண்ணுக்கு அடியில் போகப்போவது என் அம்மா படுக்கிற காம்பரா. அல்லது அலறியும் யாரும் நம்பாவிட்டால். இரண்டாவது சங்கதி அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

"மொதல்ல டெஸ்ட் பிளான் எழுதிட்டு வாங்க" என்றார் தர்ஷினி அக்கா. "உடைக்கிறதுக்கு எதுக்குக்கா பிளான்? கல்லு இருந்தா பத்தாதா?" என்று கேட்டேன். "கல்ல எங்க எறியப் போறீங்க, எங்க எறியப் போறதில்ல, எப்ப நிறுத்துவீங்க, கண்ணாடி ஒடஞ்சா யாருகிட்ட சொல்லுவீங்க. அவ்வளவும் எழுதுங்க. எழுதிட்டு எறியுங்க." எழுதினேன். ஆடு போனை மென்றால் என்ன ஆகும், மணமேடையில் தாலி கட்டுகிற நேரத்தில் அலறினால் என்ன ஆகும், போனை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தால் சத்தம் வெளியே கேட்குமா என்றெல்லாம் எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். திட்டத்துக்கு முன்னால் திட்டு வரும் என்று தமிழே சொல்கிறது, வந்தது. ஆட்டை வெட்டினார். தாலியை அறுக்காமல் விட்டார். "கல்யாண வீட்டுல கொட்டுச் சத்தம் இருக்கும்ல, அது நல்ல கேள்வி" என்றார். அரிசி வாளிக்கு நேராகப் பெரிய சரி போட்டார். போனை அரிசிக்குள் ஒளிப்பது பகிடி இல்லை. சின்னப் பிள்ளைகளிடமிருந்து அதைக் காப்பாற்ற எங்கள் வீட்டில் வேறு இடம் கிடையாது.

மகனே, இந்த இடத்தில் கொஞ்ச நேரம் சிரிப்பை இறக்கி வைக்கிறேன். டெஸ்ட் பிளானில் ஒரு பகுதி உண்டு. 'நாம் சோதிக்கப் போகாதவை' என்று தலைப்பு. கோபுரம் இல்லாத இடத்தில் சிக்னல் எப்படி என்று நாம் பார்க்கப் போவதில்லை, காது கேளாதவருக்கு இது எப்படிப் போய்ச் சேரும் என்று இந்த முறை பார்க்க முடியாது, இப்படி வெட்கப்படாமல் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தடவை அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் வளர்ந்த இடத்தில், தெரியாது என்று சொன்ன ஒரு பெரிய மனுசனை நான் பார்த்ததில்லை. துரைக்கு எல்லாம் தெரியும், தலைவருக்கு எல்லாம் தெரியும், தேர்தலுக்கு வருகிறவருக்கு வராததும் தெரியும். இங்கே ஒரு தாள், தனக்குத் தெரியாததைத் தானே நம்மிடம் சொல்லிவிட்டு நிற்கிறது. அடுத்த பக்கம் அதைவிடப் பெரிது: என்னவெல்லாம் தப்பாகப் போகலாம், போனால் யாருக்கு என்ன ஆகும். இன்னும் நடக்காத துன்பத்தை உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கற்பனை செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறதே, அதற்கு ஒரு மேசையும் நாற்காலியும் கொடுக்கிறார்களே என்று வாயைப் பிளந்தேன். அம்மா சம்பளமில்லாமல் காலமெல்லாம் செய்துவந்த வேலை அது.

நானும் சும்மா இருக்கவில்லை. எச்சரிக்கைத் திரையில் மேலே 'மண்சரிவு' என்று இருந்தது, அதற்குக் கீழே பெரிய பச்சைப் பொத்தானில் 'சரி' என்று இருந்தது. "அக்கா, மண்ணு சரியப் போவுதுன்னு சொல்லிட்டு, கீழ நம்மளையே சரின்னு அமுக்கச் சொல்றாங்க. மலைக்கு நாமளே பெர்மிஷன் குடுக்கிற மாதிரி இல்லியா?" என்றேன். தர்ஷினி அக்கா நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்துவிட்டு, பொத்தானை மாற்றச் சொன்னார். அன்றிலிருந்து செயலியில் வரும் தமிழ் வாசகங்கள் முழுவதையும் பார்த்துச் சரி சொல்கிற பொறுப்பு என் தலையில். நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நீ பிறக்கவே மறுத்திருப்பாய்.

நம் தோட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் போன்களில் செயலியைப் போட்டுக் கொடுத்தோம். முயற்சி முடிகிற நாள் மத்தியானம், பதிவு செய்த எல்லோருக்கும் ஒரு செய்தி போனது. முயற்சிக்காகத் தற்காலிகமாகப் பதிந்த விவரங்களை அழிக்கப்போகிறோம் என்று மரியாதைக்குச் சொல்லும் செய்தி. சாயங்காலம் எல்லோரிடமும் கருத்துக் கேட்க, தர்ஷினி அக்காவும் நானும் த்ரீவீலரில் போனோம். மேலே, ஸ்கூல் கிரவுண்டைத் தாண்டும்போது தர்ஷினி அக்கா, "இன்னைக்கி திருவிழாவா தம்பி?" என்றார். எட்டிப் பார்த்தேன். கீழ் லயங்களில் இருக்க வேண்டிய அத்தனை பேரும் கிரவுண்டில் இருந்தார்கள்.

நான் பிளானில், 'எச்சரிக்கை கிடைத்ததும் மக்கள் வெளியேறுவார்கள்' என்று ஒரே வரியில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரி இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நடக்க முடியாத பெரியவர் ஒருவரைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்து, புல்லில் மெதுவாக இறக்கி, குடை பிடித்திருந்தார்கள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தன் சேலையை அவிழ்த்து நீளமாக விட்டிருந்தார். பாவாடைமேல் சட்டையோடு அவர் முன்னால் நடக்க, அந்தச் சேலையை ஆளுக்கொரு கைப்பிடி பிடித்தபடி பிள்ளைகள் ஒரே வரிசையில் வந்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டாரிடமும் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள். நகையை விட்டு வந்தவர்கள் உண்டு, அந்தப் பையை விட்டு வந்தவர் ஒருவரும் இல்லை. தாம் இந்த நாட்டில் பிறந்தவர் என்பதைக் காகிதம் காட்டித்தான் சொல்ல வேண்டும் என்று பழகிப்போன சனம். யாரும் ஓடவில்லை, யாரும் தள்ளவில்லை. தர்ஷினி அக்கா கையில் இருந்த கேள்வித்தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

பக்கத்துக் காம்பரா செல்லத்துரை மாமா எங்களை நோக்கி வந்தார். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. வாயைத் திறந்தாலும் அதையேதான் அடிப்பார். கோழி ஒன்று அவருடைய அக்குளில் இருந்து என்னை முறைத்தது.

"எவன்டா எங்க கணக்க நீக்குறது?"

"கணக்குன்னா உங்க அக்கவுண்ட் அண்ணே. போன்ல உள்ளது" என்றார் தர்ஷினி அக்கா.

"பேங்க்லயே எனக்கு அக்கவுண்ட் இல்ல. போன்ல எப்படிம்மா வந்துச்சு?"

போனை நீட்டினார். 'சோதனை முடிவடைகிறது. உங்கள் கணக்கு இன்று மாலை நீக்கப்படும்.' வாசித்தேன். கோழியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் பாடம். கடையில் கணக்கு என்றால் கொப்பி. செயலியில் கணக்கு என்றால் பயனரின் பதிவு. ஆனால் தோட்டத்தில் கணக்கு என்றால் ஊர்! தோட்டத்தைப் பிரித்திருக்கிற பகுதிகளுக்கு மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்றுதான் பெயர். "எந்தக் கணக்கு நீ?" என்று கேட்டால் நான் கீழ்க்கணக்கு என்பேன்; சொல்லிச் சொல்லியே வளர்ந்தேன். மண் வந்து நம்ம கணக்கை மூடப்போகிறது என்று பாதிப் பேரும், கம்பனி நம்ம கணக்கை மூடிவிட்டு நிலத்தை விற்கப்போகிறது என்று மீதிப் பேரும் நினைத்திருக்கிறார்கள். எப்படியானாலும் சாயங்காலம் கெடு. மூட்டையைக் கட்டிவிட்டார்கள். டவுனில் பிறந்த தர்ஷினி அக்காவுக்கு அந்தச் சொல் தெரிய நியாயமில்லை. கீழ்க்கணக்கில் பிறந்து, கீழ்க்கணக்கில் சோறு தின்று, தமிழ் வாசகங்கள் முழுவதற்கும் சரி போட்டவன் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"இவன்தான் வீட்டுக்கு வீடு வந்து போட்டுக் குடுத்தான்" என்று யாரோ சொன்னார்கள். "இவன் சேட்டையா இருக்கும்" என்று இன்னொரு குரல். சத்தியமாக இது சேட்டை இல்லை என்றேன். நம் மீது பழைய கேஸ்கள் இருந்தால் சத்தியத்துக்கு மதிப்பில்லை என்பதைக் குறித்துக்கொள். செல்லத்துரை மாமா என் கண் முன்னாலேயே செயலியை அழித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் அழித்தார்கள். "இனி அது அடிச்சா என்ன, அழுதா என்ன" என்று சொல்லிவிட்டு, மூட்டைகளோடு வந்த வழியே கீழே இறங்கினார்கள். வெடிப்பு விழுந்த சரிவின் அடிக்கே! மேகம் நமுனுகுலவை மூடிக்கொண்டு வந்தது. அம்மாவும் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர்களோடு இறங்கினார். அகப்பையாவது பறந்திருக்கலாம்.

திரும்பிப் போகும் வழியில் தர்ஷினி அக்கா என்னைத் திட்டவில்லை. "நானும்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். பிறகு, "ஐப்பசி மழைக்கு முன்னாடி அவங்க திரும்ப நம்பணும் தம்பி. பிளான்ல அத எங்க எழுதுறதுன்னு எனக்கே தெரியல" என்றார். நான் எழுதினேன். என்னவெல்லாம் தப்பாகப் போகலாம் என்ற பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே: 'எச்சரிக்கை சரியாக வரும், சொல் சரியாகப் புரியும், ஆனாலும் எங்களை நம்ப மாட்டார்கள்.' பிறகு ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வந்து கதவு கதவாகத் தட்டினேன். கணக்கு என்ற சொல்லைச் செயலியிலிருந்தே துரத்திவிட்டோம் என்று சொன்னேன். சிலர் இரக்கப்பட்டார்கள். செல்லத்துரை மாமா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, "போன்ல வர்ற எழுத்த நம்ப மாட்டேன். ஒன் மூஞ்சிய அதவிட நம்ப மாட்டேன். ஒங்கம்மா கூப்புட்டா வருவேன். அவ ஒருத்திதான் இந்த லயத்துல பொய் சொல்லி யாரையும் எழுப்பாதவ" என்றார். மற்ற காம்பராக்காரர்களும் ஆமாங்க, அது சரிதாங்க என்றார்கள்.

எச்சரிக்கைச் சத்தத்துக்குப் பதிலாக அம்மாவின் குரலையே பதிந்து வைக்க, அவரை மல்லுக்கட்டிப் பதுளைக்குக் கூட்டிப் போனேன். தர்ஷினி அக்கா போனை முன்னால் பிடித்ததும், அம்மா ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப் போல நிமிர்ந்து, "அன்பார்ந்த தோட்ட மக்களே" என்று ஆரம்பித்தார். "அக்கா, வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே கூப்பிடுங்க" என்றார் தர்ஷினி அக்கா. "வீட்டுல கூப்புடுற மாதிரின்னா கெட்ட வார்த்த வரும் மிஸ்." "அத வெட்டிக்கலாம், நீங்க கூப்பிடுங்க." அம்மா கண்ணை மூடினார். எதை நினைத்தாரோ தெரியாது. "ஏய், எந்திரிங்க! மண்ணு சரியுது! புள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு ஏறுங்க!" கீழே ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். உள்ளறையில் செயலியை எழுதியவர் மேசைக்கு அடியில் இருந்தார். எனக்குக் கைமயிர் நட்டுக்கொண்டது. துரை குரலுக்குத் தட்டோடு எழுந்து நின்ற அதே பெண்தான், மகனே. தன்னிடம் இப்படி ஒரு குரல் இருப்பது அவருக்கே தெரியாது. "கொஞ்சம் சத்தமாயிருச்சோ?" என்று கேட்டார்.

அந்தக் குரலுக்காக எல்லோரும் செயலியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், விடாமல் அடித்த மழையில், அது வந்தது. லயத்தின் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும், அரிசி வாளிகளுக்குள்ளிருந்தும், சட்டைப் பைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் என் அம்மா கத்தினார். சரிவு அதை வாங்கித் திருப்பிக் கத்தியது. நிஜ அம்மா ஒரு கணம் தன் குரலைக் கேட்டு மலைத்து நின்றுவிட்டு, பொலித்தீன் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். பெரியவரின் கதிரை போனது. பிள்ளைகளின் வரிசை போனது. செல்லத்துரை மாமா எல்லோருக்கும் முன்னால், கோழியோடு. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சரிவு, பெரிய சத்தம்கூட இல்லாமல், ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி இறங்கி வந்து, பின்பக்கத்துக் குசினிகளை மூடிவிட்டுச் சுவரோடு நின்றது. எல்லோரும் மேலே இருந்தார்கள், உள்ளே ஓர் உயிர் இல்லை. பிழை என்ற சொல்லுக்குத் தப்பு என்றும் பொருள், உயிரோடு இரு என்றும் பொருள். இந்த மொழியை உண்டாக்கியவர்கள் எங்கள் மலையில் கொஞ்ச காலம் இருந்திருப்பார்களோ என்று இன்றும் வியக்கிறேன்.

ஆகவே, மகனே, நீ எந்த வேலைக்குப் போனாலும் முதலில் உட்கார்ந்து எழுது. என்ன செய்வாய், என்ன செய்ய மாட்டாய், எது உடைந்தால் யார் அழுவார்கள் என்று எழுது. எழுதியதை, அதனால் வாழவோ சாகவோ போகிறவர்களிடம், அவர்கள் பேசுகிற பேச்சில் வாசித்துக் காட்டு. உன் அப்பா அப்படிச் செய்தான். ஒரு கணக்கையே காப்பாற்றினான். இந்த இடத்தில் கடிதத்தை முடித்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஆனால், சொல்லாமல் விட்டால் செல்லத்துரை மாமா உன் கல்யாணத்தில் மைக் பிடித்துச் சொல்லிவிடுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் பெயர் கூப்பிட்டபோது ஒரு ஆள் குறைந்தது. அந்த ஆள் அப்போது காம்பராவுக்குள் நின்று, எதிர்பார்த்த சத்தமும் வந்த சத்தமும் ஒன்றுதான் என்பதற்கு அத்தாட்சியாக, ஒரு போனில் இன்னொரு போனை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் போதவில்லை என்று லைட்டைக்கூடப் போட்டான். வாசலில், "ஏய், எந்திரி! மண்ணு சரியுது!" என்று கேட்டது. ஒலி துல்லியம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டான். அடுத்து வந்த வார்த்தை, நாங்கள் பதிவிலிருந்து வெட்டி எறிந்த வார்த்தை. அப்போதுதான் குரல் போனிலிருந்து வரவில்லை என்று விளங்கியது. அம்மா மழையில் திரும்பி இறங்கி வந்து, என் சட்டைக் காலரைப் பிடித்து ஸ்கூல் வரை இழுத்துக்கொண்டு போனார். எனக்காக. அந்தச் சரிவுக்கு அடியில். ஒரு வீடியோவுக்காக. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பகிடி வருவதில்லை.

மறுநாள் அறிக்கை எழுதினேன். எச்சரிக்கை வந்தது: தேறியது. எல்லோருக்கும் புரிந்தது: தேறியது. எல்லோரும் நம்பினார்கள்: தேறியது. உடனே வெளியேறினார்கள் என்ற இடத்தில், 'ஒருவரைத் தவிர' என்று பொடி எழுத்தில் எழுதி, பெயரைப் போடாமல் தர்ஷினி அக்காவிடம் நீட்டினேன். அவர் என்னையும் இழுபட்டுக் கிழிந்த என் காலரையும் பார்த்தார். பேனாவை எடுத்து, அந்த வரிக்கு நேராகத் 'தேறவில்லை' என்று எழுதி, பக்கத்தில் என் முழுப் பெயரையும் எழுதி, அடிக்கோடும் போட்டார்.